ஹுசேன் சாகர் அடியில் கடைசிப் பந்தி

செகந்திராபாத்திலிருந்து நாம்பள்ளிக்குச் செல்லும் புறநகர் ரயில் ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டைத் தாண்டி, சஞ்சீவையா பூங்கா நிலையத்தை நெருங்கும்போது பெட்டிக்குள் ஒரு சிறு சலசலப்பு உண்டாகும். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். கைக்குட்டைகள் வெளியே வரும். முந்தானைகள் மூக்குக்குப் போகும். கோடைக் காலமானால் கேட்கவே வேண்டாம்.

"என்னம்மா இது, இப்படி நாறுது?"

"ஏரிடா கண்ணு. மூக்கைப் பொத்திக்கோ. நெக்லஸ் ரோடு ஸ்டேஷன் தாண்டினா சரியாயிடும்."

மேற்கு மாரேட்பள்ளியிலிருந்தும் பத்மாராவ் நகரிலிருந்தும் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் தமிழர்களுக்கு இது பழகிப்போன காட்சி. நெக்லஸ் ரோடு தாண்டுகிறது. வாடையும் போகிறது. ஏரியையும் மறந்துவிடுகிறோம்.

ஆனால் அந்த வாடைக்குக் கீழே, தண்ணீருக்கும் கீழே, கறுத்த சேற்றுக்குள் ஓர் உலகம் இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அங்கே பிராணவாயு இல்லை. வெளிச்சம் இல்லை. மீன் இல்லை, புழு கூட அரிது. இருப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே. அவற்றில் ஒரு கூட்டம் மீதேன் என்ற எரிவாயுவைத் தயாரித்து, குமிழி குமிழியாக மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் குமிழிகள் இன்று உலகத்து விஞ்ஞானிகளின் கவலைகளில் ஒன்று.

ஊரை விட மூத்த ஏரி

ஹுசேன் சாகரின் வயது 460 ஆண்டுக்கும் மேல். இப்ராகிம் குலி குதுப் ஷா ஆட்சியில், 1562ஆம் ஆண்டு வாக்கில், ஹுசேன் ஷா வலி என்ற பெரியவரின் மேற்பார்வையில் இது கட்டப்பட்டது. அவர் பெயரே ஏரிக்கும் நிலைத்துவிட்டது. ஐதராபாத் நகரம் உருவானதோ 1591இல். அதாவது ஊருக்கு முன்பே ஏரி பிறந்துவிட்டது. நெடுங்காலம் மக்கள் இதன் தண்ணீரைக் குடித்தார்கள், வயலுக்குப் பாய்ச்சினார்கள்.

1908 செப்டம்பர் 28ஆம் தேதி மூசி ஆறு பெருக்கெடுத்து ஊரை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இனி இப்படி ஒரு வெள்ளம் வரக் கூடாது என்று நிஜாம் அரசு விசுவேசுவரய்யாவை வரவழைத்து யோசனை கேட்டது. அதன் பயனாக எழுந்தவையே உஸ்மான் சாகரும் (1920), ஹிமாயத் சாகரும் (1927). உஸ்மான் சாகரைத்தான் ஊரார் கண்டிப்பேட்டை ஏரி என்கிறார்கள். புதிய ஏரிகளின் நல்ல நீர் குழாயில் வந்தது. ஹுசேன் சாகரின் நீரைக் குடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அங்கேதான் அதன் கஷ்டகாலம் தொடங்கியது எனலாம். குடிக்காத ஏரியைக் காக்க யாருக்கு அக்கறை? நகரம் பெருகியது. கூகட்பள்ளி, பிக்கெட், பஞ்சாரா, பல்காபூர் ஆகிய நான்கு ஓடைகளும் ஒரு காலத்தில் மழைநீரைக் கொண்டுவந்தவை. பின்னர் அவை வீட்டுச் சாக்கடையைச் சுமக்கத் தொடங்கின. கூகட்பள்ளி ஓடை தொழிற்பேட்டைக் கழிவையும் சேர்த்துக்கொண்டது. வந்த அழுக்கெல்லாம் மெதுவாக அடியில் படிந்தது. ஆண்டுக்கு ஆண்டு சேறு கனத்தது.

இந்த அடித்தளத்தில் ஒரு விருந்தாளி இரண்டு ஆண்டுக்கு மேல் தங்கியதும் உண்டு. கணபதி ஸ்தபதியின் தலைமையில் ஒரே கல்லில் செதுக்கப்பட்ட, சுமார் 58 அடி உயரப் புத்தர் சிலையை ஏரி நடுவே கொண்டு செல்லும்போது, 1990 மார்ச் 10ஆம் தேதி தெப்பம் சாய்ந்தது. பல தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நீரில் மூழ்கிய சிலை மீட்கப்பட்டு, 1992 டிசம்பர் 1ஆம் தேதிதான் பீடத்தில் நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் புத்தர் கிடந்த இடம்தான் இந்தக் கட்டுரையின் களம்.

பந்தி நடக்கும் விதம்

சேற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் போதும்.

ஏரிக்குள் விழும் இலை, செத்த பாசி, சோற்றுக் கழிவு, சாக்கடை எல்லாம் நுண்ணுயிர்களுக்கு உணவு. உணவை எரித்துச் சக்தி பெற மூச்சு வேண்டும். முதல் பந்தியில் உட்காருபவை பிராணவாயுவைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கே அதிக லாபம். ஆகவே அவையே வேகமாகத் தின்கின்றன. அழுக்கு மிகுந்த ஏரியில் சேற்றின் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளாகவே பிராணவாயு முழுவதும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது பந்தியில் உட்காருபவை நைட்ரேட் உப்பைக் கொண்டு சுவாசிப்பவை. பிறகு மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் துருவைக் கொண்டு சுவாசிப்பவை வரும். அதற்கடுத்து, சல்பேட் என்ற கந்தக உப்பைச் சுவாசிப்பவை. ஒவ்வொரு பந்திக்கும் முந்தைய பந்தியை விட லாபம் குறைவு.

எல்லோரும் எழுந்து போன பிறகு, கடைசிப் பந்தியில் உட்காருபவைதான் மீதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். விஞ்ஞானிகள் இவற்றை மெத்தனோஜென் என்கிறார்கள். பிராணவாயு பட்டால் இவற்றுக்கு ஆகாது. பல வகைகள் செத்தே போகும். இவற்றுக்குக் கிடைக்கும் சக்தி மிக மிகச் சொற்பம். ஆனாலும் வேறு யாரும் தொடாத மிச்சத்தைத் தின்று ஜீவிக்கும் வித்தை இவற்றுக்கு மட்டுமே தெரியும்.

இதில் இன்னொரு விஷயம். ரயில் பயணிகள் மூக்கைப் பொத்துவதற்குக் காரணம் மீதேன் அல்ல. மீதேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அழுகிய முட்டை வாடை வீசுவது நான்காவது பந்திக்காரர்களால்; கந்தக உப்பைச் சுவாசிப்பவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அது. சேறு கறுப்பாக இருப்பதற்கும் அந்தக் கந்தகம் இரும்போடு சேர்வதே பெரும்பாலும் காரணம். பழி ஒருவருக்கு, நாற்றம் வேறொருவருக்கு!

எத்தனை வகை, எத்தனை ருசி

கடைசிப் பந்தியில் உட்காருபவை ஒரே ஜாதி என்று நினைத்தால் தவறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி.

ஒரு கூட்டம் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீதேன் செய்கிறது. மெத்தனோபாக்டீரியம், மெத்தனோரெகுலா முதலியவை இந்த ரகம். இன்னொரு கூட்டம் வினிகரில் உள்ள புளிப்பான அசெடிக் அமிலத்தைப் பிளந்து மீதேன் ஆக்குகிறது. மூன்றாவது கூட்டம் மெத்தனால் போன்ற சில பொருள்களைத் தின்கிறது. நன்னீர்ச் சேற்றில் உண்டாகும் மீதேனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அசெடிக் அமிலத்திலிருந்தும், மீதி பெரும்பாலும் ஹைட்ரஜனிலிருந்தும் வருகிறது என்பது பாடநூல் கணக்கு.

அசெடிக் அமிலத்தைத் தின்பவற்றுக்குள்ளும் இரண்டு குணம் உண்டு. மெத்தனோத்ரிக்ஸ் என்பது இழை போல நீளமானது, வேறு எதையும் தொடாது, மெதுவாக வளரும், ஆனால் மிகக் குறைந்த உணவிலும் காலம் தள்ளும். மெத்தனோசார்சினா என்பது கொத்துக் கொத்தாக இருக்கும், பலவற்றையும் தின்னும், உணவு மிகுந்தால் வேகமாகப் பெருகும். ஆகவே ஒரு சேற்றில் எது மிகுதியாக இருக்கிறது என்று பார்த்தால், அந்த ஏரிக்குள் எவ்வளவு அழுக்கு வந்து விழுகிறது என்பதற்கும் ஒரு துப்புக் கிடைக்கும்.

இவற்றைத் தேடிப் பிடிப்பது சுலபமல்ல. சேற்றைக் காற்றுப் படாமல் குழாயில் எடுக்க வேண்டும். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஹங்கேட், மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களை ஆராயும்போது, பிராணவாயு இல்லாத குழாய்களில் இவற்றை வளர்க்கும் முறையைக் கண்டார். அதன் பிறகே இந்த ஆராய்ச்சி சூடு பிடித்தது. இருந்தும் சேற்றில் உள்ள வகைகளில் பெரும்பாலானவை இன்றும் குழாயில் வளர மறுக்கின்றன. அதனால் இப்போதெல்லாம் சேற்றிலிருந்து நேராக மரபணுவைப் பிரித்தெடுத்து, மீதேன் தயாரிப்புக்கு அவசியமான ஒரு மரபணு எத்தனை விதமாக இருக்கிறது என்று படிக்கிறார்கள். உயிரைப் பிடிக்காமலே அதன் முகவரியைப் படிக்கும் வழி இது.

ஒன்று என்று நினைத்தது இரண்டு

இந்த நுண்ணுயிர்களின் சரித்திரத்தில் இரண்டு ஆண்டுகள் முக்கியமானவை.

முதலாவது 1967. அதுவரை ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர் சாராயத்தைத் தின்று மீதேன் தருகிறது என்று பல பத்தாண்டுகளாக நம்பியிருந்தார்கள். மார்வின் பிரயண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் பிரித்துப் பார்த்தபோது அது ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. ஒன்று சாராயத்தைத் தின்று ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. அந்த ஹைட்ரஜன் தேங்கினால் அதன் ஜீவனமே நின்றுவிடும். இரண்டாவது அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்று மீதேன் செய்கிறது. ஒன்றில்லாமல் மற்றது இல்லை. கூட்டுக் குடித்தனம் என்றால் இதுதான். சேற்றில் நடப்பதெல்லாம் இப்படிப்பட்ட கூட்டு வேலையே.

இரண்டாவது 1977. கார்ல் ஊஸ் என்பவரும் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரும், மீதேன் தரும் நுண்ணுயிர்களின் உட்பொருளை மற்ற பாக்டீரியாக்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, இவை பாக்டீரியாவே அல்ல என்று அறிவித்தார்கள். பார்க்க ஒன்று போல இருந்தாலும், வம்சம் வேறு. பெனிசிலின் மருந்து தாக்கும் செல்சுவர் இவற்றுக்குக் கிடையாது. இந்தத் தனி வம்சத்துக்கு இன்று ஆர்க்கியா என்று பெயர். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பூமியின் காற்றில் பிராணவாயு சேரத் தொடங்கியது. அதற்கு முன்பே பூமியில் குடியிருந்தவை இவை. காற்று மாறியதும் சேற்றுக்குள்ளும், மாட்டு வயிற்றுக்குள்ளும், நெல் வயலின் அடிமண்ணுக்குள்ளும் ஒளிந்துகொண்டன.

கொள்ளிவாய்ப் பிசாசும் இத்தாலிக்காரரும்

நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் கொள்ளிவாய்ப் பிசாசை யாரும் மறந்திருக்க முடியாது. இருட்டில், சதுப்பு நிலத்தின் மேல் நெருப்பு எழுந்து எழுந்து அணையும் என்பார்கள். சேற்றிலிருந்து வரும் எரிவாயுவே இதற்குக் காரணம் என்பது நெடுநாளைய விளக்கம். அது தானாக எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதில் மட்டும் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

அந்த வாயுவை முதலில் பிடித்து ஆராய்ந்தவர் இத்தாலியின் வோல்டா. மின்கலம் கண்ட அதே வோல்டாதான். 1776 நவம்பரில் மஜ்ஜோரே ஏரியின் நாணல் கரையில், கழியால் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்து, அது எரியும் என்று காட்டினார். அந்த வாயுவை உண்டாக்கும் உயிர்களைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நுண்ணுயிர்களுக்குள்ளும் ஒரு வெளிச்சம் உண்டு. இவற்றில் உள்ள ஒரு விசேஷப் பொருள் காரணமாக, புற ஊதாக் கதிர் பட்டால் பெரும்பாலானவை நீலப்பச்சையாக ஒளிரும். பூதக்கண்ணாடிக் கருவியில் இவற்றை அடையாளம் காண இதுவும் ஒரு வழி.

குமிழி மேலே வந்தால்

சேற்றில் உண்டாகும் மீதேன் எல்லாமே காற்றுக்கு வந்துவிடுவதில்லை. வழியில் காவல் இருக்கிறது. சேற்றின் மேற்பரப்பிலும், பிராணவாயு உள்ள நீரிலும் மீதேனையே தின்று வாழும் வேறு நுண்ணுயிர்கள் உண்டு. நீரில் கரைந்து மெதுவாக மேலே வரும் மீதேனில் பெரும் பகுதியை அவை தின்று தீர்த்துவிடும்.

ஆனால் குமிழியாகக் கிளம்பினால் காவல் பலிக்காது. ஆழம் குறைந்த ஏரியில் குமிழி சில வினாடிகளில் மேலே வந்து உடைந்துவிடும். ஹுசேன் சாகரின் அதிகபட்ச ஆழமே சுமார் 32 அடிதான். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது சேற்றின் மேலுள்ள அழுத்தம் குறைகிறது. குமிழிகள் எளிதாகக் கிளம்புகின்றன. வெப்பம் கூடக் கூட நுண்ணுயிர்களின் வேகமும் கூடுகிறது. அழுக்கு மிகுந்த நீரில் பிராணவாயுவும் குறைவு. ஆகவே காவலாளிகளுக்கும் பலம் இல்லை.

மீதேன் காற்றில் கலந்தால் என்ன? 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு வரை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 100 கோடிப் பங்குக்கு 700 பங்கு அளவில் இருந்த மீதேன், இன்று 1,900 பங்கைத் தாண்டிவிட்டது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். மீதேன் 12 ஆண்டு அளவில் சிதைந்துவிடும். இன்று குறைத்தால் நம் பிள்ளைகள் காலத்திலேயே பலன் தெரியும்.

உலகத்தின் அணைகளையும் ஏரிகளையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. நீர்த்தேக்கங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் வாயுக்கள் சுமார் 80 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்றது அது. மனிதச் செயல்களால் வெளிவருவதில் இது ஏறத்தாழ 1.3 சதவீதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு விளைவு மீதேனால். பிரேசில் நாட்டில் 1980களில் கட்டிய பல்பினா அணை இதற்குப் பெயர் போன உதாரணம். காட்டை வெட்டாமலே பல நூறு சதுர மைல் நிலத்தை மூழ்கடித்தார்கள். கிடைத்த மின்சாரமோ 250 மெகாவாட் திறன் அளவே. மூழ்கிய மரங்கள் அழுகி, நீர்மின்சாரம் என்றால் சுத்தம் என்ற நம்பிக்கையையே கேள்விக்கு உள்ளாக்கின.

அந்த 2016ஆம் ஆண்டுக் கணக்கில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் வயதோ, அது பூமத்திய ரேகைக்கு எவ்வளவு பக்கம் என்பதோ பெரிதல்ல. நீரில் எவ்வளவு ஊட்டம் சேர்ந்து பாசி மண்டுகிறது என்பதே மீதேனின் அளவைச் சொல்லும் நல்ல அடையாளம் என்றது அது. சாக்கடை என்பது ஏரிக்கு ஊட்டம். பாசிக்கு விருந்து. கடைசிப் பந்திக்கு அதுவே மிச்சம்.

நம் முன்னோர் செய்த காரியம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் ஊரே கூடி வண்டலை வெட்டி எடுத்து வயலுக்குக் கொண்டுபோகும். ஏரி ஆழமாகும், வயல் கொழிக்கும். தெலங்கானாவிலும் காகத்தியர் காலம் தொட்டே ஏரிகள்தான் உயிர்நாடி. 2015இல் தொடங்கிய மிஷன் காகத்தியா திட்டத்தில் 46,000க்கும் மேற்பட்ட ஏரி குளங்களைச் சீர் செய்ய இலக்கு வைத்தார்கள். அப்போதும் வண்டலை விவசாயிகளே வயலுக்கு ஏற்றிச் சென்றார்கள்.

இதில் ஒரு விஞ்ஞானமும் அடங்கியிருக்கிறது. சேறு வெளியே வந்து காற்றுப் பட்டதும் முதல் பந்திக்காரர்கள் திரும்ப வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மிச்சம் மீதேனாகாமல் பயிருக்கு எருவாகிறது.

ஆனால் நகரத்து ஏரியின் சேற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தொழிற்சாலைக் கழிவின் உலோகங்கள் அதில் கலந்திருப்பதால் அதை எடுத்து நெல்லுக்குப் போட முடியாது. ஹுசேன் சாகருக்காக 2006இல் ஜப்பான் கடனுதவி பெற்றார்கள், ஓடைகளை மறித்துத் திருப்பினார்கள், சேற்றையும் வாரினார்கள். ஆனால் மேலே சாக்கடை வந்துகொண்டே இருந்தால் கீழே வாரி என்ன பயன்? பந்திக்குப் பரிமாறுவதை நிறுத்தாமல் இலையை மட்டும் எடுத்தால் கதை முடியுமா?

அதே உயிர், வேறு வேலை

இந்த நுண்ணுயிர்கள் நமக்கு விரோதிகள் அல்ல. இடம் மாற்றி வைத்தால் இவையே வேலைக்காரர்கள். சாண எரிவாயுக் கலத்தில் வேலை செய்வது இவைதான். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹுசேன் சாகரிலிருந்து சில மைல் தொலைவில், செகந்திராபாத் தமிழர்கள் காய்கறி வாங்கும் போயின்பள்ளி மார்க்கெட்டுக்குப் போனால் போதும்.

அங்கே வாடிய கீரையும் அழுகிய தக்காளியும் முன்பெல்லாம் குப்பைமேட்டுக்குப் போயின. பிறகு ஐதராபாத்தின் இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய முறையில் அங்கே ஓர் எரிவாயு நிலையம் அமைந்தது. காற்றுப் புகாத மூடிய கலத்துக்குள் கழிவைக் கரைத்து ஊற்றினால், கடைசிப் பந்திக்காரர்கள் மீதேனைத் தருகிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவு சேருகிறது என்றும், அதிலிருந்து சுமார் 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிபொருளும் கிடைக்கிறது என்றும் பிரதமர் 2021 ஜனவரி 31ஆம் தேதி தம் வானொலி உரையில் எடுத்துச் சொன்னார். அந்த மின்சாரத்தில் மார்க்கெட் விளக்குகள் எரிந்தன. எரிபொருளில் மார்க்கெட் கேன்டீனில் சமையல் நடந்தது.

மூசிக் கரையில் அம்பர்பேட்டையில் உள்ள நாளொன்றுக்கு 33 கோடியே 90 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையமும் இதே உயிர்களை நம்பியே கட்டப்பட்டது. கழிவுநீரைக் கீழிருந்து மேலாக, நுண்ணுயிர் மண்டிய சகதிப் படுகையின் வழியே செலுத்துவார்கள். ஹாலந்து நாட்டில் 1970களில் லெட்டிங்கா என்பவர் வகுத்த முறை இது.

ஆக, விஷயம் இவ்வளவுதான். மூடிய கலத்துக்குள் போனால் விளக்கு எரியும். திறந்த ஏரிக்குள் போனால் பூமி சூடாகும். உயிர் ஒன்றே, அது செய்யும் வேலையும் ஒன்றே. கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

கண்டிப்பேட்டையின் தலைவிதி

இப்போது ஊரின் முன் நிற்கும் கேள்வி ஹுசேன் சாகரைப் பற்றியது மட்டுமல்ல. அதன் தங்கைகளான உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் பற்றியது.

1996 மார்ச்சில் வந்த அரசாணை எண் 111, இந்த இரு ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை அசுத்தம் செய்யும் தொழிற்சாலைகளையும், பெரிய ஓட்டல்களையும், குடியிருப்புக் காலனிகளையும் தடுத்தது. 84 கிராமங்கள் அதில் அடங்கின. இந்த எல்லைக்குள் ஓர் எண்ணெய்த் தொழிற்சாலை வர முயன்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. குடிநீரைக் காப்பதே முதல் கடமை என்று 2000ஆம் ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2022 ஏப்ரலில் அரசாணை எண் 69 வந்தது. ஏரி நீரின் தரம் கெடக் கூடாது என்ற நிபந்தனையோடு, அந்தப் பழைய தடைகளை அது நீக்கியது. கிருஷ்ணா, கோதாவரித் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஏரிகளை நம்பி ஊர் இல்லை. கிராமத்து விவசாயிகள் தங்கள் நிலத்துக்கு நல்ல விலை கிடைக்காமல் 25 ஆண்டுகளாகத் தவிக்கிறார்கள் என்பது ஒரு தரப்பு. அவர்கள் கஷ்டத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வீடுகள் பெருகினால் சாக்கடையும் பெருகும். ஏரி அழியும் என்பது மறுதரப்பு.

'இந்த ஏரியின் தண்ணீர் இனி ஊருக்குத் தேவையில்லை' என்ற வார்த்தை மட்டும் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறது. கண்டிப்பேட்டை நீர் குழாயில் வந்த நாளில் ஹுசேன் சாகருக்கும் இதே கதி நேர்ந்தது. அதன் பிறகு நடந்ததைச் சஞ்சீவையா பூங்கா நிலையத்தில் மூக்கே சொல்லும்.

இன்று கண்டிப்பேட்டைக் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போய் உட்காருகிறார்கள். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். காற்று சுகமாக வீசுகிறது. அந்தத் தண்ணீருக்கு அடியிலும் சேறு உண்டு. அந்தச் சேற்றிலும் கடைசிப் பந்திக்காரர்கள் உண்டு. அவை இருக்க வேண்டியவையே; எந்த ஏரியிலும் அவை உண்டு. கொஞ்சம் இலை, கொஞ்சம் பாசி என்று கிடைத்ததைக் கொண்டு சத்தமில்லாமல் காலம் தள்ளும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பசியோடு இருந்து பழகிய உயிர்கள் அவை.

அவற்றுக்கு விருந்து வைப்பதும் வைக்காமல் இருப்பதும் மேலே இருக்கும் மனிதர்கள் கையில். வீட்டில் காய்கறிக் கழிவைத் தனியே பிரித்து வைப்பதில் தொடங்கி, ஓடையில் சாக்கடை கலக்காமல் பார்ப்பது வரை எல்லாம் அந்தப் பரிமாறலைச் சேர்ந்ததே. ரயில் நெக்லஸ் ரோடு தாண்டியதும் வாடை போய்விடுகிறது. குமிழி போவதில்லை.